நஞ்சுண்டன் சட்டையைக் கழற்றும் நாள்

செப்டம்பர் 14, 1996, சனி. கேட்டி, டெக்சஸ்

மாவு அரைத்தாகிவிட்டது. துணி மடிக்க வேண்டும், மனமில்லை. கோபம் வந்தால் எனக்குக் கை வேலை ஓடாது. இன்று கழுத்து வரை கோபம்.

நஞ்சுண்டன் வீட்டில் அவர் மகனுக்குப் பிறந்தநாள். நஞ்சுண்டனும் என் வீட்டுக்காரரும் ஒரே ஆபீஸ், ஊரிலும் பக்கத்துப் பக்கத்து ஊர். அதனால் "மாப்ள, மாப்ள" என்று ஒரே கொஞ்சல். போன மாதம் இவர் பெட்ரோல் போட கேஸ் ஸ்டேஷனில் நிற்கும்போது ஒருவன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்து பர்ஸையும் கல்யாண மோதிரத்தையும் பிடுங்கிக்கொண்டு போனான். இவர் கையைத் தூக்கினார், கேட்டதைக் கொடுத்தார், உயிரோடு வீடு வந்து சேர்ந்தார். போலீஸ்காரரே "நீங்கள் செய்ததுதான் சரி" என்றார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

நஞ்சுண்டன் என்ன செய்கிறார்? அத்தனை பேர் நடுவில், கேக் தட்டை நீட்டிக்கொண்டு, "கேக் வேணுமா மாப்ள? அப்ப கையத் தூக்கு!" என்கிறார். வீடே சிரித்தது. குழந்தைகள் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி "ஹேண்ட்ஸ் அப் அங்கிள்!" என்று சுற்றிச் சுற்றி வந்தன.

இவரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாமே? தட்டைத் தட்டிவிட்டிருக்கலாமே? ஏன் தூக்கினீங்க? அவன் கையில என்ன, கேக்குதானே இருந்துச்சு?

செப்டம்பர் 15

இவர் ராத்திரி சாப்பிடவில்லை. கேட்டால் "வயிறு சரியில்ல."

செப்டம்பர் 28, சனி

மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வரிசை தள்ளி யாரோ யாரிடமோ: "எந்தக் கந்தசாமி? ஹேண்ட்ஸ் அப் கந்தசாமியா?"

பெயர் வைத்தாகிவிட்டது. இனி அழியாது. ஊரில் ஒருத்தருக்குப் பட்டப்பெயர் வைத்தால் பேரன் காலம் வரை நிற்கும், ஹூஸ்டன் தமிழர்கள் மட்டும் விட்டுவிடுவார்களா? முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாம்பார் வெறும் கத்தரிக்காயில் முடிந்தது. தென்றல் "வாட்ஸ் ராங் வித் யூ மா?" என்றாள். பதிமூன்று வயதுப் பெண்ணிடம் என்ன சொல்வது?

நஞ்சுண்டா, உன்னை விடமாட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு. ஆயுத பூஜை

போகமாட்டேன் என்றேன். இவர்தான் "போகலைன்னா இன்னும் பேசுவாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

நஞ்சுண்டன் வீட்டில் ஹாலில் கொலு. அவர் மனைவி எழிலரசி பாவம், அழகாக வைத்திருந்தாள். உள்ளே அவர் அறையில் இன்னொரு கொலு! நீள மேஜையில் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் துப்பாக்கிகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. நம் வீடுகளில் சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைப்போம், அதை ஒப்புக்கொள்கிறேன். இதற்கெல்லாமா?

ஒவ்வொன்றாகக் காட்டினார். இது முதல் உலகப்போரில் சுட்டது. இது கவ்பாய் காலத்து ரிவால்வர், இன்னமும் சுடும். இது மான் வேட்டைக்கு. "நீங்க மான் சாப்பிடுவீங்களா அங்கிள்?" என்று ஒரு பெண் கேட்டாள். "சுடறது மட்டும்தான். சாப்பாடு எழிலரசி போடற தயிர்சாதம்தான்" என்றார். அதற்கும் சிரிப்பு.

பிறகு ஜிப்பாவைச் சற்று தூக்கிக் காட்டினார். இடுப்பில் தோல் உறை, அதற்குள் கறுப்பாக ஒன்று. இந்த வருஷம் ஜனவரியிலிருந்து டெக்சஸில் லைசன்ஸ் எடுத்தால் உடம்பிலேயே வைத்துக்கொண்டு சுற்றலாம். முதல் ஆளாக எடுத்துவிட்டாராம்.

"இந்த ஊர்ல போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்ங்க. நம்ம உயிரு நம்ம பொறுப்பு. அன்னிக்கு மாப்ள கிட்ட இது இருந்திருந்தா, ஒருத்தன் மோதிரத்துல கை வெப்பானா?"

"அவர் எடுக்கறதுக்குள்ள அவன் சுட்டிருப்பானுங்க" என்றேன்.

"பிராக்டிஸ் வேணும்ங்க வசந்தாமணி. பயந்தவங்களுக்கு இது ஒத்து வராது."

பயந்தவங்க! சொல்லும்போது யாரைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். இவரோ மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொடுத்த சுண்டல் கையிலேயே ஆறிப்போனது.

நவம்பர் 9

தீபாவளிப் பலகாரம் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. அதிரசத்தில் அடி கருகியவை ஆறு தேறின. அதை நஞ்சுண்டன் வீட்டு டப்பாவில் போட்டேன். சின்னப் புத்திதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 1, 1997

புத்தாண்டு மத்தியானம் நஞ்சுண்டன் வீட்டுக்குப் பின்னால் பையன்கள் மிச்சப் பட்டாசைக் கொளுத்தினார்கள். சரம் வெடித்ததும் இவர் காருக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டார். தலைமேல் இரண்டு கை. முகத்தில் ரத்தமே இல்லை.

நஞ்சுண்டன் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை. அதேதான். எல்லோரும் சிரித்தார்கள். தென்றல் மட்டும் போய் அப்பா தோளைத் தொட்டாள். "இட்ஸ் ஓகே அப்பா, இட்ஸ் ஜஸ்ட் கிராக்கர்ஸ்."

காரில் வரும்போது இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் நஞ்சுண்டனின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கிடைத்துவிட்டது! கிடைத்தே விட்டது!

கோயிலில் அபிஷேகம். சங்கல்பத்துக்கு உட்கார வந்த ஒரு டாக்டர், கோட்டும் சட்டையுமாக வந்து நின்றார். குருக்கள் விடவில்லை. "சட்டையைக் கழட்டிட்டு வாங்கோ, அங்கவஸ்திரம் போட்டுக்கலாம்" என்றார். டாக்டர் நெளிந்துகொண்டே கழற்றினார்.

எனக்குப் பொறி தட்டியது. நஞ்சுண்டன் கோயிலுக்கு வந்தால் எப்போதும் தொளதொள ஜிப்பா. "சாமி கும்பிடறப்பவும் என் கூடத்தான் இருக்கும்" என்று பெருமை அடித்தவர். லைசன்ஸ் இருந்தாலும் கோயில், பள்ளிக்கூடம், பார் இங்கெல்லாம் கொண்டு போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பேப்பரில் அப்போதே போட்டிருந்தான்.

வருஷப் பிறப்பு ஹோமத்துக்குக் கர்த்தாவாக யாரை உட்கார வைப்பது என்று கமிட்டியில் பேச்சு. கமிட்டியில் நானும் இருக்கிறேன். சொல்லிவிட்டேன்: "நஞ்சுண்டன் தம்பதியை வைக்கலாமே? கோயிலுக்கு எவ்வளவு செய்யறாங்க!" தேனாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முந்நூறு பேர் பார்க்க சட்டையைக் கழற்று, நஞ்சுண்டா. சாமி முன்னால் வேட்டி மடிப்பில் துப்பாக்கியோடு நில். குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார் கத்தட்டும். லைசன்ஸ் போகட்டும். அப்புறம் உனக்கு என்ன பட்டப்பெயர் வைக்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

பிப்ரவரி 15

எழிலரசி போன் பண்ணினாள். "எங்க வீட்டுக்காரரு சத்தமா பேசுவாருனு எல்லாரும் ஒதுங்கிப் போவாங்கக்கா. இந்த மாதிரி மரியாதை இங்க யாரும் எங்களுக்குப் பண்ணதில்ல. நீங்கதான் சொன்னீங்களாமே?"

நான்தான் என்றேன். அவள் என்ன பண்ணினாள்? ஒன்றுமில்லை. ஆனால் புருஷனை அடித்தால் பெண்டாட்டிமேல் தெறிக்கத்தான் செய்யும். என்மேல் தெறிக்கவில்லையா?

மார்ச் 22, சனி

இவர் இன்றும் ஆபீஸ். சனிக்கிழமை தவறாமல் ஏதோ பிராஜெக்ட். ஆனால் முகம் தெளிந்திருக்கிறது, இரண்டு தோசை கூடுதலாகப் போகிறது. என் மனசில் இருக்கும் திட்டம் இவருக்கும் எட்டுகிறதோ என்னவோ.

ஹோமத்துக்கு வரமாட்டேன் என்றார். நான் விடுவேனா? "நீங்க முன்வரிசையில உக்காரணும். எனக்காக வாங்க" என்றேன். "சரி வசந்தா" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

கோயில் நிறைந்த கூட்டம். நஞ்சுண்டன் பட்டு வேட்டி, ஜிப்பாவோடு வந்தார். குருக்கள் சொல்வதற்கு முன்பே ஜிப்பாவை உருவி எழிலரசி கையில் கொடுத்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

தொப்பை. நரைத்த மார்பு முடி. வேட்டிக்கு மேல் கட்டிய அகல பெல்ட். வேறு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை! காரில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். சட்டம் தெரிந்த மனுஷன். இத்தனை மாதமும் நான்தான் முட்டாள்.

அதற்குள் எழிலரசி என் கையைப் பிடித்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "சாமி, இந்த அக்காவும் அண்ணனும் எங்க கூட உக்காரணும். இவங்களாலதான் இது நடக்குது." குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "பேஷா! ரெண்டாவது கலசத்துக்கு உக்காரட்டும். சார், சட்டையைக் கழட்டிட்டு வாங்கோ."

இவர் எழவில்லை.

"வாங்கோ சார், நாழியாறது."

எழுந்தார். சட்டையில் கை வைக்கவில்லை. வலது கை மட்டும் இடுப்புப் பக்கம் போய் சட்டையை அழுத்திக்கொண்டது. அதே வெள்ளை முகம். இப்போது கொஞ்ச நாளாகச் சட்டையை வெளியே விட்டுத்தான் போடுகிறார், வீட்டில்கூட. சோர்வில் தன்னைக் கவனிப்பதை விட்டுவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

எனக்குப் புரிந்த அதே நொடியில் நஞ்சுண்டனுக்கும் புரிந்தது. அந்தக் கை எதை மறைக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ஹோம குண்டத்துக்கு எதிரே அவர் வாய் திறந்தது. சொல்லப்போகிறார், தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாப்ளைக்குக் காய்ச்சல்ங்க சாமி. காலைலயே போன்ல சொன்னான், நான்தான் வற்புறுத்தி வரச் சொன்னேன். அவன விட்ருங்க." எழுந்து வந்தார். தனக்குப் போட்ட புது அங்கவஸ்திரத்தை எடுத்து இவர் தோளிலிருந்து இடுப்பு வரை சுற்றிப் போர்த்தி, அணைத்தபடி பார்க்கிங்குக்குக் கூட்டிப்போனார். வெறும் மார்போடு. "பாவம், என்ன உடம்போ" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

பிறகு தனியாகத் திரும்பி வந்து உட்கார்ந்து ஹோமத்தை முடித்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எப்ப வாங்கினீங்க?"

"பிப்ரவரில. லைசன்ஸ் வந்து ரெண்டு வாரம் ஆச்சு."

"ஆபீஸ்னு சொன்னதெல்லாம்?"

"கிளாஸ். அப்புறம் சுட்டுப் பழகற ரேஞ்ச்."

"யாரைச் சுடறதுக்குங்க? அந்தத் திருடனா திரும்பி வரப்போறான்? கோயிலுக்கு எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

அங்கவஸ்திரத்தை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "திருடனுக்காக இல்ல வசந்தா. நஞ்சுண்டன் அந்த வார்த்தையைச் சொல்றப்ப, இடுப்புல அது இருக்குதுன்னு தெரிஞ்சா, நானும் கூடச் சிரிச்சிர முடியுது."

அய்யோ. நான் கருகிய அதிரசத்தைப் பொறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். இந்த மனுஷன் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஏப்ரல் 27

நஞ்சுண்டன் யாரிடமும் சொல்லவில்லை. எழிலரசியிடம்கூட. பட்டப்பெயரை விட்டுவிட்டு இவரை வெறும் "கந்தசாமி" என்கிறார். அவர் விட்டதும் ஊரே விட்டுவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது, அதுவும் அந்த ஆள் கையால். இனி அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

மே 10

கட்டிலுக்கு அடுத்த டிராயருக்குப் பூட்டுப் போட்டார். சாவி அவரிடம். நான் தென்றல் அறையில் படுத்துக்கொள்கிறேன். முதுகு வலி என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 7, சனி

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் நஞ்சுண்டன் வாசலில் ஹார்ன் அடிப்பார். இரண்டு பேரும் ரேஞ்சுக்குப் போவார்கள். நான் காபி போட்டுக் கொடுக்கிறேன். "மாப்ள நல்லா சுடறானுங்க. கை நடுங்கறதே இல்ல" என்று என்னிடமே சொல்கிறார். சர்க்கரை போதுமா என்று கேட்கிறேன்.

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் விருந்து. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஸ்ரீநிவாஸ், அவன் மனைவி ரக்ஷா. சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நஞ்சுண்டன் குடும்பமும் வந்திருந்தது. போன வாரம் அபார்ட்மென்ட் வாசலில் இரண்டு பேர் அந்தப் பையன் கார் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோவைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தானாம். "எறங்கிப் போனா என்ன பண்ணுவாங்களோன்னு பயமா இருந்துச்சு சார்" என்று உள்ளதைச் சொன்னான்.

நஞ்சுண்டன் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார்.

இவர்தான் முதலில் சிரித்தார். வாய் நிறையச் சிரித்தார். "டாட்டா காட்டி வழியனுப்பி வெச்சியா, இல்லையா?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. "டாட்டா ஸ்ரீநிவாஸ்! இனிமே உன் பேரு அதுதான்" என்று அவன் முதுகில் தட்டினார். அவனும் சிரித்தான். கையை உயர்த்தி டாட்டா காட்டினான்.

ரக்ஷா எனக்கு உதவியாகப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். கண் சிமிட்டாமல், நிதானமாக, மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"நீயும் ஒரு கப் எடுத்துக்கோம்மா" என்றேன்.

"வேணாம் ஆன்ட்டி" என்றாள்.