கை தூக்கினால் பிடிக்கிற கோட்டு

அன்புள்ள சில்வண்டுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு மட்டும் சுகம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். நீயும் உன் வயலினும், கூட வந்திருக்கிற இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல், நல்லபடியாக ஊர் ஊராய்ச் சுற்றி வருகிறீர்கள் என்று நம்புகிறேன். தினமும்தான் ஃபோனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. ஃபோனை எடுத்தால் உன் அம்மா முதலில் பேசுகிறாள், நடுவில் பேசுகிறாள், முடிவிலும் அவளே பேசுகிறாள். என் முறை வரும்போது உன்னை யாராவது மைக் சரிபார்க்கக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதுவும் இப்போது நான் சொல்லவிருப்பதை ஃபோனில் ஆரம்பித்தால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா' என்று பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். இதைக் கையோடு கொண்டுவருகிறவர் உங்கள் டிரம்ஸ்காரரின் மனைவி. கடைசிக் கச்சேரிக்கு அவர் லீவு போட்டுவிட்டு வருகிறார் என்று தெரிந்ததும், பெட்டியில் ஒரு மூலை எனக்கு வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டு விஷயம் முதலில். உன் தம்பி வண்டி ஓட்டும் பரீட்சையில் மறுபடியும் மண்ணைக் கவ்வினான். பின்னால் எடுக்கச் சொன்னார்களாம், இவன் பரீட்சை வைக்கிறவரின் நாற்காலி வரைக்கும் எடுத்துவிட்டான். கேட்டால் நாற்காலியை அங்கே போட்டது அவர் தப்பு என்கிறான். நம் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுப்போய் எல்லோரும் படியேறுகிறோம். நீ அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துதானே ஆல்பம் முழுவதும் பதிவு செய்தாய், எதிரொலி நன்றாக இருக்கிறது என்று. அப்போது உனக்காகப் படியில் நடக்காமல் இருந்தவர்கள் எல்லாம் இப்போது மூச்சு வாங்க ஏறிக்கொண்டே, ஆல்பத்துக்கு 'மாடிப்படி' என்று பேர் வைத்தவளைக் கூட்டிவந்து ஏறச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்கிறார்கள். ஆனால் ஏறும்போது வாய் உன் பாட்டைத்தான் முணுமுணுக்கிறது, நானே கேட்டேன். சின்ன வயசில் நீ வயலின் பழகும்போது சுவரைத் தட்டி, சில்வண்டுக்கு ராத்திரி பகல் தெரியாதா என்று கத்தி உனக்கு அந்தப் பேரையே வைத்த பக்கத்து வீட்டுக்காரர்கூட, இப்போது வருகிறவர் போகிறவரிடம் நீ அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வாசித்து வளர்ந்தவள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் அம்மாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கண் ஆஸ்பத்திரியில் பேர் பதிகிற மேஜையில் உட்காருகிறவள் பேரை மட்டும் பதிந்தால் என்ன? கண்ணில் மருந்து விட்டு மூடி உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து உன் ஆல்பத்தைப் போட்டுவிடுகிறாளாம். எழுந்து ஓடவும் முடியாது, யார் என்று கண்ணைத் திறந்து பார்க்கவும் முடியாது, பாவம். பெரிய டாக்டர் ஒரு நாள் வெளியே வந்து நோயாளிகள் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை என்றாராம். அதிலிருந்து அவள் கால் தரையில் படவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் தையற்கடையைச் சாத்திவிட்டு, வெட்டுகிற மேஜையின் மேல் தம்பியின் கம்ப்யூட்டரை வைத்து இந்தப் பயணத்தில் உன் முதல் கச்சேரி வீடியோவைப் பார்த்தோம். நான், அம்மா, தம்பி, நம் கடையில் பித்தான் துளை தைக்கிற காஜாக்காரர் என்று நாலு பேரும். காஜாக்காரர் அன்றைக்கு எடுத்த காஜாவைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார், அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. திரை விலகி நீ நான் தைத்துக் கொடுத்த அந்தக் கரும்பச்சைக் கோட்டில் வந்து நின்றாய். என்னத்தைச் சொல்ல! தோள் படிந்த விதம், காலர் உட்கார்ந்த விதம், பித்தான் வரிசை, எல்லாம் கச்சிதம். உன் அம்மா அழுதாள். காஜாக்காரர் என் முதுகில் தட்டினார். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோய், உண்மையைச் சொன்னால், முதல் பாட்டு முழுக்க நான் உன்னைக் கேட்கவே இல்லை. கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்ததால்தான் கண்ணில் பட்டது. நீ கையைத் தூக்கும்போதெல்லாம் கோட்டு முழுவதும் கூடவே ஏறுகிறது. முதுகில் ஒரு சுருக்கம் குறுக்கே ஓடுகிறது. தடிக் கம்பிக்குப் போகும்போது முழங்கை உயரவேண்டிய இடத்துக்கு உயரவில்லை. வில் நுனிக்கு வருவதற்குள் கை நின்றுபோகிறது, நீ அவசரமாய் வில்லைத் திருப்புகிறாய். கடைசிப் பாட்டின் முடிவில் ஒரே சுரத்தை வில்லின் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பில் இழுத்து, இருக்கா போச்சா என்று தெரியாமல் அடங்கவைப்பாயே, அது அன்றைக்கு நடுவில் உடைந்தது. அங்கே யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மறுநாள் அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்ததைத் தம்பி படித்துக் காட்டினான், அடக்கமான வாசிப்பு என்று எழுதியிருந்தார்களாம். உன் அம்மா குதித்தாள். பெற்ற நாளிலிருந்து இந்தப் பெண்ணை ஒருத்தராவது அடக்கம் என்று சொன்னதுண்டா என்றாள். அது அடக்கம் இல்லை, அக்குளில் நான் இறுக்கமாய் வெட்டிய கைக்குழி என்று எனக்குத் தெரியும்.

இதில் எனக்கு என் மேல் எவ்வளவு கோபம் தெரியுமா? அளவெடுக்கும்போது நேராய் நில், கையைத் தொங்கவிடு என்றேன். வருகிற எல்லோரையும் அப்படித்தான் நிறுத்துகிறேன். மாப்பிள்ளை ஆனாலும் மானேஜர் ஆனாலும் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி, அவர்களுக்குக் கைக்குழி இறுக்கமாக இருந்தால்தான் அழகு. நீ நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவா போகிறாய்? போட்டுப் பார்க்க வந்த அன்றைக்கு வயலினை எடுத்து வரட்டுமா என்று கேட்டாய், கடையில் எதற்கு அது, கூட்டம் கூடிவிடும் என்று தடுத்தேன். கையை முன்னால் நீட்டிப் பார்த்து 'கொஞ்சம் பிடிக்குதுப்பா' என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன்? 'புதுத் துணி அப்படித்தான் இருக்கும், போடப் போட விட்டுக்கொடுக்கும்' என்றேன். தையற்காரன் வாடிக்கையாளரைக் கடையிலிருந்து நகர்த்துவதற்குச் சொல்கிற வசனம் அது. எந்தக் கோட்டின் கைக்குழியும் இதுவரை விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் பழகி, பெற்ற பெண்ணிடமும் அதையே சொல்லியிருக்கிறேன் பார்.

வீடியோ பார்த்த அன்றைக்குச் சாயங்காலமே ஃபோனில் உன்னிடம் கோட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? 'சூப்பர்ப்பா, எங்க தைச்சதுன்னு எல்லாரும் கேக்கறாங்க' என்றாய். நீ என் பெண்தான், சந்தேகமே இல்லை, அதே சரளம். எனக்கு மனசு ஆறவில்லை. தம்பியை விட்டு டிரம்ஸ்காரரிடம் கேட்கச் சொன்னேன். அவர் முதலில் மழுப்பினாராம், பிறகு சொல்லிவிட்டார். ஒத்திகையில் சாதாரணச் சட்டையில் நீ பிரமாதமாய் வாசிக்கிறாயாம், மேடையில் கோட்டோடு ஏறினால் ஆள் பாதியாகிவிடுகிறாயாம். கழற்றிவிட்டு வாசி என்று அவரும் கிட்டார்காரரும் கெஞ்சாத குறையாம். அதற்கு நீ 'எங்கப்பா தைச்சது, கழட்ட மாட்டேன்' என்றாயாம். தம்பி இதைச் சொன்னபோது நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வெகு நேரம் நூல் ஊசிக்குள் போகவே இல்லை. என் மேல் இவ்வளவு பாசமாய் இருக்கிறாயே என்று சந்தோஷம் ஒரு பக்கம், இவ்வளவு முட்டாளாய் இருக்கிறாயே என்று ஆத்திரம் ஒரு பக்கம். கோட்டுப் போடாதே என்று ஃபோனில் சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா மனசு நொந்துவிட்டார் என்று நீ இன்னும் பிடிவாதமாய் மாட்டிக்கொள்வாய். உன்னைத் தெரியாதா எனக்கு?

அதனால் வைத்தியம் இங்கிருந்தே கிளம்புகிறது. உன்னிடம் ஊசியைக் கொடுப்பதும் ஒன்றுதான் பூனையிடம் கொடுப்பதும் ஒன்றுதான், தையற்காரன் பெண்ணாய்ப் பிறந்து ஒரு பித்தான் ஒழுங்காய்த் தைக்கத் தெரியாது. ஆனால் டிரம்ஸ்காரரின் மனைவி மாட்டு டாக்டர் இல்லையா? கன்றுக்குட்டி வயிற்றுக்கே தையல் போடுகிறவருக்குக் கோட்டு எம்மாத்திரம் என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன், சிரித்துக்கொண்டே கடைக்கு வந்துவிட்டார். முதலில் எவ்வளவு துணி தேவைப்படும் என்று தெரியவேண்டுமே. உன் உயரத்துக்கு இங்கே கிடைத்த ஒரே ஆள் காஜாக்காரர்தான். அவருக்கு அதே அளவில் இறுக்கமாய் ஒரு பழைய கோட்டை மாட்டி, தோளில் சின்னத் தலையணையை வைத்து, கையில் அளவுகோலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி வாசித்தார். வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வரவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போய்விட்டார். தம்பி அதை வீடியோ எடுத்திருக்கிறான், உனக்கு வரும். ஆனால் பலன் கிடைத்தது. அக்குளில் எங்கே பிடிக்கிறது, எவ்வளவு பிடிக்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் அந்தக் கோட்டின் மேலேயே குறித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா அந்தப் பழைய கோட்டில் இரண்டு அக்குளையும் பிரித்து, துண்டு வைத்துத் தைத்துக் காட்டினார். ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனியாய் முடிச்சுப் போடுகிறார், அது அவர்கள் வழக்கமாம், ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்குமாம். பார்க்க அழகில்லை, ஆனால் நான் இழுத்துப் பார்த்தேன், யானையைக் கட்டலாம். அவரிடம் உன் கோட்டுத் துணியிலேயே வெட்டிய இரண்டு துண்டுகளும், அதே நிறத்து நூலும், ஊசிகளும் கொடுத்திருக்கிறேன். கத்தரிக்கோலைப் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன், கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களாம். நடு முதுகுத் தையலிலும் உள்ளே கூடுதல் துணி விட்டிருக்கிறேன், தையலைப் பிரித்துத் துணி விளிம்பு ஓரமாய் மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன், அங்கேயும் ஒரு விரல் அகலம் கிடைக்கும். நீ செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. அவர் வந்து இறங்கியதும் முரண்டு பிடிக்காமல் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவர் தைத்து முடித்ததும் போட்டுக்கொண்டு, வயலினோடு நின்று, அந்தக் கடைசிச் சுரத்தை அடியிலிருந்து நுனி வரைக்கும் இழுத்துப் பார்க்கவேண்டும். பிடித்தால் பிடிக்கிறது என்று சொல். எனக்காகப் பல்லைக் கடித்துக்கொள்ளாதே.

கடைசிக் கச்சேரி அந்தப் பெரிய அரங்கத்தில். அடுத்த வருஷம் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வந்து உட்காருவார்கள் என்று நீயே சொன்னாய். அவர்கள் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி, உன் வாசிப்பு எதுவோ அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். என் கைக்குழியைக் கேட்டுவிட்டு முடிவு செய்தார்கள் என்றால் எனக்குச் சோறு இறங்காது. அம்மா சொல்லச் சொன்னவை: தலையை ஈரத்தோடு விட்டுக்கொண்டு வெளியே போகாதே, கூட இருக்கிறவர்களிடம் சிடுசிடுக்காதே, அங்கே உன்னிடம் கையெழுத்துக் கேட்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி போடு. தம்பி ஏதாவது வாங்கி வரச் சொன்னால் வண்டி ஓட்டத் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடு. கிளம்பும்போது நீயும் நானும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை, பெட்டி எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும், இப்போது சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. எவ்வளவு சரிபார்த்தாலும் மேடையில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கடைசிச் சுரத்தில் கோட்டு மறுபடியும் உன்னைப் பிடித்து இழுத்தால், நீ நிற்காதே, கையைக் குறுக்காதே, முழுசாய் நீட்டு. தையல் டர்ரென்று பிரியட்டும். அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டாலும் வெட்கப்படாதே, அங்கே வர முடியாத உன் அப்பா முதல் ஆளாய்க் கை தட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்.

நீண்ட ஆயுளோடும், நோகாத கையோடும் நன்றாக இரு, கண்ணு. டாக்டரம்மாவுக்கு ஒரு வாய் சூடாக ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் கோட்டைக் கொடு, மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா