நாற்பத்தாறு கட்டங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உட்கார்ந்த இடத்தில் சீனத்தைப் படித்துத் தமிழில் எழுதுகிற வேலைக்கு உடம்பு எங்கே நோகப்போகிறது?

அப்பாவின் அச்சகத்துக்குப் பேப்பர் வெட்டும் மெஷின் ஒன்று சீனக் கம்பெனியில் சொல்லியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் கையெழுத்துக் கேட்டு ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். மேலே என் பெயரும் மெஷின் நம்பரும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கீழே மூன்று வரிசையாக வெறும் கட்டங்கள். எழுத்து என்று ஒன்றுமே இல்லை. அந்த ஃபைலை இத்துடன் இணைத்திருக்கிறேன். உனக்கு ஒரு நிமிட வேலைதான், பார்த்துச் சொல். போன் செய்யாதே என்று நீதானே சொன்னாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தம்பி

பிப்ரவரி 5

முதலாளித் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

அது கட்டமில்லை, சீன எழுத்து. உன் கம்ப்யூட்டரில் சீன ஃபான்ட் இல்லை. எந்த எழுத்தைக் காட்டத் தெரியவில்லையோ அந்த இடத்தில் ஒரு கட்டத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் இந்த ஃபான்ட்டெல்லாம் தானாகவே இருக்குமே என்று யோசித்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் வேகமாக ஓட வேண்டும் என்று தேவையில்லாத ஃபான்ட்டையெல்லாம் அழிக்கச் சொன்னதாகப் போன வருடம் நீயே பெருமையடித்துக்கொண்டாய். அச்சகம் வைத்திருப்பவன் ஃபான்ட்டை அழிக்கிறான்! அப்பா இருந்திருந்தால் உன்னைப் பேப்பர் கட்டு தூக்க மட்டும் வைத்திருப்பார்.

என் கம்ப்யூட்டரில் தெளிவாகத் தெரிகிறது. படித்தும் விட்டேன். ஆனால் சொல்லப்போவதில்லை. என் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னால், "அவ கோழிக் கிறுக்கலைப் பாத்துக் கதை விடுறவ" என்றாயே, அந்த வாய்க்கு இலவசமாகக் கதை சொல்ல எனக்கு நேரமில்லை. முதலில் ஃபான்ட்டைப் போடு. அப்புறம் மரியாதையாகக் கேள். சொல்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உன் தயவு தேவைப்படவில்லை. ஃபான்ட் இல்லையென்றால் எழுத்து கன்னாபின்னாவென்று வரும், அதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். இது ஒரே அளவில், ஒரே இடைவெளியில், அழகாக வரிசை கட்டி நிற்கிறது. டிக் போடுவதற்கான கட்டம் என்று பார்த்தாலே தெரிகிறது. நம் கம்ப்யூட்டர் ஆபரேட்டரும் அதையேதான் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு. பிரிண்ட் எடுத்து, நாற்பத்தாறிலும் நானே டிக் போட்டு, கையெழுத்தும் சீலும் வைத்து அனுப்பினேன். மறுநாளே நன்றி சொல்லி, மெஷினைக் கப்பலில் ஏற்றிவிட்டதாக ஆங்கிலத்தில் பதில் வந்துவிட்டது.

நீ படித்த படிப்பு இல்லாமலும் வேலை நடக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தம்பி
(உரிமையாளர்)

பிப்ரவரி 10

தம்பி,

ஒரு கடிதத்தின் ஒவ்வொரு எழுத்தின்மேலும் டிக் போட்டு அனுப்பிய ஆள் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். அதற்கு ஆமாம் போட ஒரு ஆபரேட்டர் வேறு.

அதில் இருந்தது இதுதான். கத்திக்கு முன்னால் கை போகாமல் தடுக்கும் மூடி இப்போது அவர்களிடம் இல்லை. மூடி இல்லாமலே உடனே அனுப்பலாம் என்றால் கையெழுத்துப் போடவும். விபத்து நடந்தால் வாங்கியவரே பொறுப்பு.

நீ சம்மதித்துவிட்டாய். மூடி கேட்டு நானே கம்பெனிக்கு எழுதிவிட்டேன். ஏப்ரல் கடைசியில் வருமாம். அதுவரை மெஷினைத் தொடக்கூடாது. பேப்பர் வெட்டுகிற கட்டிங் மாஸ்டரிடம் இதைச் சொல். விளையாட்டில்லை.

அக்கா

மார்ச் 30

அக்காவுக்கு,

மெஷின் வந்து ஒரு வாரமாகிறது. வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது. மூடியெல்லாம் தொழில் தெரியாதவனுக்கு. நம் மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாகக் கத்தியோடு புழங்குகிறவர். அவரிடம் போய் மூடி இல்லை என்று சொல்லிப் பயமுறுத்த நான் தயாராக இல்லை. நோட்டுப் புத்தக ஆர்டர் மலைபோல் குவிந்து கிடக்கிறது.

நீ சொன்ன ஃபான்ட்டையும் போட்டாயிற்று. கட்டமெல்லாம் எழுத்தாகிவிட்டது. இப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டமாக இருந்தபோதாவது டிக் போட முடிந்தது.

தம்பி

ஏப்ரல் 13

அன்புள்ள அக்கா,

மாஸ்டருக்கு நேற்று வலது கையில் அடி. மூன்று விரல். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான்தான் பார்க்கிறேன். தொழிற்சாலை ஆய்வாளர் வந்து, அந்தப் பக்கத்துக்கு மொழிபெயர்ப்பு கேட்கிறார். மூடியைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். இங்கே யாருக்குச் சீனம் தெரியப்போகிறது? அச்சகத்துக்குச் சீல் வைத்துவிடுவார்கள் அக்கா. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 17

தம்பி,

நேற்று உன் ஊருக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை.

ஆய்வாளரிடம் சரியான மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். உன் கடிதங்களையும் கொடுத்தேன். என்னுடையவற்றையும் சேர்த்தே கொடுத்தேன். பிப்ரவரி ஐந்தாம் தேதி நான் எழுதியதை அவர் இரண்டு தடவை படித்தார். 

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாஸ்டர் இடது கையால் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். உன்னைத் திட்டுவார், நானும் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உன்னைப் பற்றிப் பேசவே இல்லை. "நீங்க அப்பவே படிச்சிட்டீங்களாம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

நீ முட்டாள் என்பது எனக்கு உன் மூன்று வயதிலிருந்தே தெரியும். தெரிந்திருந்தும், உன்னைக் கெஞ்ச வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், நீ கையெழுத்துப் போடும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்மேல் இருந்த அதே இளக்காரம் என்மேலும் வந்துவிட்டது.

இதற்குப் பதில் எழுதாதே. உன் கடிதத்தைத் திறந்ததும் எங்கே தப்பு, எதை வைத்துக் கிண்டல் செய்யலாம் என்றுதான் என் கண் தேடும். இனி அந்தக் கண்ணால் எதையும் படிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா