செருகும் முன் எனக்கு ஒரு போன்

என் தங்கமான பேத்திக்கு,

உன் அப்பாவைப் பெற்றவள் எழுதுவது. ஒரு காலத்தில் அதைப் பெருமையாக எழுதியிருப்பேன். நீ சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உனக்குப் பசி தெரியாது என்று எனக்குத் தெரியும். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது உன் அப்பா. உடனே கிளம்பி வா என்று உனக்கு நான் எழுத வேண்டுமாம். "நீ எழுதினா அவ வருவாம்மா" என்றான். ஏன், உனக்குக் கை இல்லையா, அவ நம்பர் இல்லையா என்று கேட்டேன். அவன் சொன்னதை எழுதிவிட்டேன். இனிமேல் வருவது நான் சொல்வது.

நம் பாட்டுப் பதிவு ஸ்டூடியோ உன் அண்ணனுக்குத்தான் என்று உன் அப்பா சொன்ன அன்று நீ பையைக் கட்டினாய். மறுநாளே அவன் உன் நாற்காலியில் உட்கார்ந்தான். முன்பும் வெளி ஆள் வந்தால் அவன்தான் உட்காருவான், நீ எழுந்து கொடுப்பாய். இப்போது எழுந்து கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விளம்பரத்துக்குப் பேச வந்த ஒருவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, "இதென்ன சார், பெரிய ஸ்டூடியோல எல்லாம் வேற மாதிரி இருக்குமே" என்று கேட்டாராம். உன் அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "அது என் தங்கச்சி போட்டது சார், ஓசி" என்றானாம். நீ கம்ப்யூட்டரை ஓட்டப் போட்டிருந்த அந்த இலவச லினக்ஸின் பேரைச் சொல்ல அவன் வாய் வளையாது. உனக்கும் அதற்கும் சேர்த்து அவன் வைத்த பேர் ஓசிதானே.

உடனே கம்ப்யூட்டர் கடைக்காரனைக் கூட்டிவந்தான். கடைக்காரன் கேட்க வேண்டியதைக் கேட்டான். "உள்ள இருக்கறது எதுனா வேணுமா சார், எல்லாம் போயிடும்." உன் அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் வேணாம், தொடச்சு உடு" என்றான். நான் கதவோரம் நின்றிருந்தேன். தடுக்க வாய் திறந்தேன், "நீ போய்ப் படு பாட்டி" என்றான். அந்தப் பெரிய ஸ்டூடியோ சமாசாரத்தைக் காசு கொடுத்தா வாங்கினார்கள் என்று நினைக்கிறாய்? கடைக்காரன் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தான். திருட்டுக் காப்பி. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து செய்து, எடுத்துக்கோ, திறந்து பார்த்துக்கோ, பிடிக்கலையா மாத்திக்கோ என்று கொடுத்ததை வைத்திருந்தவள் ஓசிக்காரி. திருடியதைப் போட்டுக்கொண்டவன் முதலாளி.

அன்றிலிருந்து பாடுகிறவர் வாய் மூடிய பிறகுதான் அவர் காதில் மாட்டிய ஹெட்போனில் பாட்டு வந்து சேருகிறது. வாயும் காதும் ஒன்றாகப் போக வேண்டும் என்று நீ தலையைப் பிய்த்துக்கொண்டு சரிசெய்தாயே, "பாட்டி இப்ப தட்டு, இப்ப தட்டு" என்று என் கை சிவக்கும் வரை தட்டவைத்து! உன் அண்ணன் ஒயர் சரியில்லை என்கிறான். நான்கு ஒயர் மாற்றியாகிவிட்டது.

எனக்கும் அந்த அறையில் வேலை போய்விட்டது. நீ எனக்காகத் திரையில் எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்திருந்தாய். நீ உள்ளே மைக்கைச் சரிசெய்யும்போது வெளியே உட்கார்ந்து "பதிவு" என்று எழுதியிருந்ததை அமுக்குவது நான்தான். என் அஞ்சாம் வகுப்பு அதற்குப் போதுமாக இருந்தது. இப்போது எல்லாம் இங்கிலீஷ்.

இதெல்லாம் போகட்டும். தையல்காரம்மா வந்தாள். நம் தெருமுனையில் தைக்கிறவள்தான். கடை மூடிய பிறகு நீ அவளைக் கூட்டிவந்து, அவளே கட்டிய பாட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பதிந்தாயே. நீ போன பிறகு அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இனி வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் வந்து நின்று, கூடையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து மேசைமேல் விரித்து, வெட்டுக்குக் கோடு போடுகிற சாக்பீஸால் எழுதினாள். "என் பாட்டு வேணும்." உன் அப்பா படித்துவிட்டு, நாளைக்கு வாங்கம்மா என்றான். உன் அண்ணன் ஹெட்போனைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் உன் அப்பாவுக்கு என் பெட்டி ஞாபகம் வந்தது. நீ போகும்போது எல்லாப் பாட்டுக்கும் ஒரு நகல் எடுத்த ஹார்ட் டிஸ்கை என் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனாயே, மேலே "செருகும் முன் எனக்கு ஒரு போன்" என்று எழுதி ஒட்டி, அது. எடும்மா என்றான். தர்றேன், அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, எப்படித் திறக்கறதுன்னு அவளுக்குத்தான் தெரியும் என்றேன். "எம்பொண்ணுகிட்ட நான் போய்க் கெஞ்சணுமா?" என்றான். கெஞ்ச வேணாம்டா, கேளு என்றேன். உன் அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் நான் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உன் அண்ணன் என் பெட்டியைத் திறந்தான். பூட்டை உடைக்க வேண்டிய சிரமம்கூட இல்லை, சாவி ஆணியில்தான் தொங்கும். சொந்த வீட்டில் சாவியை ஒளித்து வைத்து எனக்குப் பழக்கமில்லை.

டிஸ்கைச் செருகியிருக்கிறான். அவன் போட்ட புதுசுக்கு உன் டிஸ்கைப் படிக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இதை அழித்துப் புதிதாக்கித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறது. உன் அம்மா பக்கத்தில் இருந்தாள். "என்னமோ கேக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, ஆமாம் என்பதை அமுக்கினானாம். இங்கிலீஷ் மீடியம் படித்தவன்! டிஸ்க் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நீ ஒட்டிய சீட்டு மட்டும் மேலே அப்படியே இருந்தது.

நான் வந்து சேர்ந்தபோது உன் அண்ணன் டிஸ்குக்குள் வேறு எதையோ ஏற்றிச் சரிபார்க்கப் போவதாகச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒருமுறை "நீக்கு" என்பதை அமுக்கிவிட்டு அழுதபோது நீ சொன்னாயே, "மேல எதையும் எழுதாம இருந்தா அடியில இருக்கும் பாட்டி, அழாத" என்று, அது ஞாபகம் வந்தது. ஒயரோடு பிடுங்கிக்கொண்டேன். உனக்கு என்னம்மா தெரியும் என்று உன் அப்பா கத்தினான். தெரிஞ்சவளை வீட்ல வெச்சுக்க உங்களுக்கு வக்கில்லை என்றேன். அதன்பிறகு, இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதைத் தவிர, இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

தையல்காரம்மா மறுபடி வந்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று உன் அப்பா சொன்னான். நான் தெருவுக்குக் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அந்தத் துணியை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

டிஸ்கை அதில்தான் சுற்றி அனுப்புகிறேன். கூரியர்காரர் பத்திரமாகப் போகும் என்று சத்தியம் செய்தார். அடியில் ஏதாவது உயிரோடு இருந்தால் தேடி எடு, அம்மாடி. எடுத்ததைத் தையல்காரம்மாவுக்கே அனுப்பு. இந்த வீட்டுக்கு அனுப்பாதே. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் நீயே அவளுக்கு எழுதிவிடு. நாளைக்கு வாங்க என்று இனி யாரும் அவளிடம் சொல்லக் கூடாது. பாட்டு கிடைத்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் "ம், ஓடுது, பாடு" என்று என் குரல் வரும். வெளியே கொடுக்கும்போது நீ எப்போதும் அதை வெட்டிவிடுவாய். இந்த முறை இருக்கட்டும். அவளைப் பாடச் சொன்னவள் ஒருத்தி இருந்தாள் என்று தெரியட்டும்.

வா என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். நீ வராதே. நீ இருக்கும் இடத்தில் உன் நாற்காலியில் நீயே உட்கார்ந்து நூறு வயது நன்றாக இரு. உன் அப்பா போன் செய்தால் மட்டும் எடு. செய்யமாட்டான். தப்பித்தவறிச் செய்தால், எடு கண்ணு.

உனக்காகப் பொத்தானை அமுக்கியவள்,
பாட்டி