ஆமைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த மேரி அக்காவுக்கு

என் மேரி அக்கா,

கல்லறைத் திருநாளன்று உங்கள் வீட்டார் உங்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது நானும் ஓரமாக நின்றிருந்தேன். அத்தனை பேர் நடுவில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

சுங்கை லாலாங் தோட்டத்துப் பள்ளியில் நாம் இருவரும் நடத்திய கணினி வகுப்புக்கு எந்த நிரல்மொழி என்று எப்படிச் சண்டை போட்டோம்! இடைநிலைப்பள்ளிக்குப் போனால் கணினிக் கட்டளை எல்லாம் ஆங்கிலம்தானே, பைத்தானை அப்படியே கொடுப்போம் என்றேன் நான். நீங்கள் கேட்கவில்லை. பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து அந்தப் பைத்தானுக்கே தமிழ்க் கட்டளைகள் எழுதினீர்கள். ‘முன்னே_போ’ என்று தட்டினால் திரையில் ஒரு குட்டி ஆமை கோடு இழுத்துக்கொண்டே நகரும்.

“பிள்ளைக்கு மொதல்ல யோசிக்க வரட்டும் கௌரி. இங்கிலீஷ் எங்க போயிடப் போகுது?” என்றீர்கள்.

யாழினியை ஞாபகம் இருக்கிறதா? வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அந்த ஆமையை வைத்து அவள் அப்பா ஓட்டும் லோரியை வரைந்தாள். பிறகு எழுந்து நின்று, சக்கரம் எப்படி வட்டமாக வந்தது என்று எல்லாருக்கும் விளக்கினாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் போன பிறகு பெற்றோர் கூட்டம் நடந்தது. யாழினியின் அப்பா தயங்கித் தயங்கித்தான் எழுந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க டீச்சர். தமிழ்ல கோடிங் படிச்சா எந்தக் கிலாங்ல லா வேலை குடுப்பான்?”

கிலாங் கிலாங்காக லோரி ஓட்டியும் தொழிற்சாலை வாசலைத் தவிர வேறு எதையும் பார்க்காத மனிதரின் கேள்வி அது. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தலைமையாசிரியரும் ஆங்கிலத்துக்கே மாற்றிவிடலாம் என்றார். மாற்றிவிட்டோம். நம் சண்டையில் நான் ஜெயித்தேன் அக்கா, எதிரே நீங்கள் இல்லாததால்.

இப்போது பிள்ளைகள் வெண்பலகையில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டுகிறார்கள். ஓர் எழுத்து பிசகினால் திரையில் சிவப்பாக ஏதோ வரும். அது என்னவென்று கேட்காமலே அழித்துவிடுகிறார்கள். நீயாக ஏதாவது வரையேன் என்று யாழினியிடம் சொல்லிப் பார்த்தேன்.

“இதுல எனக்கு யோசிக்க வரல டீச்சர்” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொன்னேன். தலையாட்டினாள். அடுத்த வாரம் வரவில்லை. அந்த நேரத்துக்குப் பெடோங் பட்டணத்தில் மலாய் டியூஷன் சேர்த்துவிட்டதாக அவள் அப்பா சொன்னார். அவரை எப்படிக் குறை சொல்வது?

அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்கு இதுவரை ஒரு பிள்ளையும் பதியவில்லை. பள்ளியையே பட்டணத்துப் பக்கம் மாற்றப்போவதாகப் பேச்சு. எந்த மொழி என்று நாம் அடித்துக்கொண்டோமே, கற்றுக்கொள்ளப் பிள்ளை இருக்குமா என்று நினைத்தோமா?

வகுப்பு நிலைக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை யாழினி வீட்டுக்குப் போய் அவளை மறுபடி வகுப்புக்குக் கூப்பிடுவேன். வரமாட்டாள் என்று எனக்கே தெரியும். ஆனாலும் போவேன் அக்கா.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
கௌரி