கொலெட்டா நலமாக இருக்கிறாள்

சோங்கேயா
செப்டம்பர் 14, ஞாயிறு மதியம்

அன்புள்ள மகள் தெக்லாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், அவருடைய இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல. செத்துப்போனதாக நீ அச்சடித்து அனுப்பிய கொலெட்டா சோக்கோவும் நலம். நேற்றுகூட பஸ் நிலையத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். உன் நலத்தையும், பெர்கன் மழையில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும் அறிய ஆவல். இதை போனிலேயே சொல்லலாமே என்பாய். வியாழக்கிழமை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வாக்கியத்தில் நீ குறுக்கே பேசினாய், நான் கத்தினேன், உன் அப்பா போனை வாங்கி உன்னிடம் மழையைப் பற்றி விசாரித்தார், அவ்வளவுதான் நடந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுதியதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவேன். பெரிதாக்கி முழுதும் படி. பாதியில் விட்டுவிட்டு, புரிந்துவிட்டது அம்மா என்று பதில் போடாதே.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். உன் தொண்டர்கள் இரண்டு பேர், அந்த நெட்டைப் பையனும் வெயிலில் மூக்கு உரிந்த பெண்ணும், போன சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது பைக்குள்ளிருந்து முப்பது புத்தகங்களை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். நம் பந்தும் பாடமும் சங்கத்துக்குப் பணம் திரட்ட நீ அங்கே போட்ட வழவழப்பான புத்தகம். பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். நான்காம் பக்கத்தில் நம் கோல்காரி இமெல்டா, கம்பத்தின் ஓரத்தில், வெறுங்காலோடு, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். முழுப்பக்கப் படம். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு அம்மா கடைக்கு ஓடியிருக்கிறாள். கொலெட்டா உசிபாப் பொடிமீன் கருவாட்டில் கல் பொறுக்கிக்கொண்டே, படிச்சுக் காட்டு என்றிருக்கிறாள். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து நம் பேச்சில் சொல்லிக்கொண்டே போனதில், என்ன படிக்கிறோம் என்று புரிவதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. இமெல்டாவுக்கு ஒம்பது வயசா இருக்கும்போது அவ அம்மா செத்துட்டாங்க, அதுக்கப்புறம் பந்துதான் அவளுக்குத் தாய். கொலெட்டா கையை நிறுத்திவிட்டு, எந்த இமெல்டா என்று கேட்டாளாம். நான்தாம்மா. எந்த அம்மா? அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டாளாம். இதெல்லாம் எனக்கு இமெல்டா சொன்னது, பக்கத்துத் தக்காளிக் கடைக்காரியிடமும் கேட்டுச் சரிபார்த்தேன்.

திங்கட்கிழமை நாலு மணி. பிள்ளைகள் ஒரு மணி நேரப் படிப்பை முடித்துவிட்டுப் பந்துக்கு எழுந்திருக்கிற நேரம். கொலெட்டா கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு, அக்குளில் பாயோடு நம் மைதானத்துக்குள் வந்தாள். நடு வட்டத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். ஏய் ஹெஹெ, நான் செத்துட்டேன், இதான் சாவு வீடு, கொன்னவ உன் மக, அவ அங்க இருக்கா, நீ இங்க இருக்க, எழுந்து போய் அடுப்பைப் பத்த வை என்றாள். நீ பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறாய், மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அவர்கள் ஙோனி இனம், நாம் ஹெஹெ இனம். நம் பாட்டன்மார் ஒருவரை ஒருவர் ஈட்டியால் குத்திக்கொண்டதால் நமக்குள் கேலி உறவு வந்தது. அவர்கள் வீட்டில் சாவு என்றால் விறகு, தண்ணீர், சமையல் எல்லாம் நம் தலையில், அதோடு அவர்கள் வாயிலிருந்து வருவதையும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கோபித்துக்கொண்டால் அது பெரிய அவமானம். கேலி உறவுக்குள் செத்ததாகச் சொல்லப்பட்டவளே வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அடுப்பைப் பற்ற வைத்தேன்.

இருட்டுவதற்குள் பதினொரு பேர். செவ்வாய்க்கிழமை ஐம்பதுக்குக் குறையாது, நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மூன்று நாள், தெக்லா. மூன்று நாள் பயிற்சி இல்லை, படிப்பு இல்லை, நான் மக்காச்சோள உகாலி கிளறினேன், பயிற்சியாளர் ஓமரி விறகு பிளந்தார். அவர் கடற்கரைக்காரர், இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத மனிதர். உன் அப்பா மட்டும் முழங்காலைச் சாக்குச் சொல்லி துக்கக்காரர்களோடு போய் உட்கார்ந்து கொலெட்டாவைக் கொன்றவர்கள் வீட்டுச் சோற்றை அவரே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கொலெட்டாவின் அண்ணன் அலோய்ஸ், பஸ் நிலையத்தில் ம்பிங்கா போகிற வண்டிக்கு ஆள் கூப்பிடுகிறவன், உனக்கு நன்றாகத் தெரியும், அவன் வந்ததும் வராததுமாக, ஹெஹெ வீட்டுச் சோறு, சட்டியில என்ன கறின்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, தெருவுல நாய்ங்க எண்ணிக்கை குறைஞ்சிருக்கு என்று ஆரம்பித்தான். மூங்கில் கள் கிடைக்காத மாசமாப் பாத்து என் தங்கச்சியைக் கொன்னுருக்காங்களே, கஞ்சப் பயலுங்க என்றான். குச்சியை எடுத்துப்போய் பெனால்டி புள்ளியில் குழிக்கு அளவு எடுத்தான். கொலெட்டா பாயில் இருந்தபடியே, நீளம் பத்தாது அண்ணா, நான் உன்னைவிட உயரம் என்று கத்தினாள். நம் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் தரையில் விழுந்தார்கள். இத்தனை வருஷத்தில் நான் நடத்திய எந்த விளையாட்டு விழாவுக்கும் அவ்வளவு கூட்டமும் சிரிப்பும் வந்ததில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், உன் படிவத்தில் அதற்கு ஏதாவது கட்டம் இருந்தால் நிரப்பிக்கொள்.

படிவம் என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளுடைய தன்னம்பிக்கைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லி நீ அனுப்பினாயே, அதை ஓமரி எல்லோருக்கும் ஐந்து போட்டு முடித்துவிட்டார். திருப்பி அனுப்பாதே. பனிச்சட்டைகளையும் இனி அனுப்பாதே. போன முறை வந்த நாற்பதையும் கோல் வலைக்குப் பின்னால் பந்து ஓடாமலிருக்க அடுக்கி வைத்திருக்கிறோம். இருக்கட்டும்.

அலோய்ஸ் செய்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை அவன் எங்கிருந்தோ ஒரு கம்பளித் துண்டு வாங்கிக் கழுத்தில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டு, கையில் ஒரு செங்கல்லைப் போன்போலப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் வந்து நின்றான். கண்ணுங்களா, இங்க பாருங்க, இல்ல பாக்காதீங்க, கீழ பாருங்க, சிரிக்காதே நீ, ஏன் சிரிக்கிறே, செருப்பைக் கழட்டு, அந்தப் பக்கம் வை, படத்துல தெரியுது, கொஞ்சம் சோகமா, இன்னும் கொஞ்சம், ஆ, ரொம்ப நல்லா இருக்கு என்றான். உன் குரல்தான், தெக்லா. வாக்கியத்தின் முடிவில் நீ மூச்சை இழுப்பதுகூட அப்படியே. கூட்டம் முழுவதும் யாரென்று உடனே கண்டுகொண்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, போன டிசம்பரில் நீ படம் எடுத்தபோது கோல் கம்பத்துக்குப் பின்னால் பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாக இருந்தது ஞாபகம் வந்தது. நான்தான் அவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

புதன்கிழமை எல்லோரும் போன பிறகு கொலெட்டா பாத்திரம் கழுவ நின்றாள். செத்தவள் பாத்திரம் கழுவக் கூடாது என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. தெக்லா அம்மா, சாவு என்ன, எல்லாருக்கும் வர்றது, அதுக்கா நான் வந்து உக்காந்தேன், மாசத்துக்குப் பதினஞ்சு நாள் ம்பம்பா பே ஏரிக்கரையில மீன் மூட்டை மேலயே தூங்கி எழுந்து வர்றேனே எதுக்கு, அவ சீருடை, அவ புத்தகம், அவ பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பங்கு, அந்தக் கையுறைகூட நான் வாங்கினது, அதையெல்லாம் பந்து செஞ்சுச்சுன்னு எழுதிட்டாளே உன் மக என்றாள். அந்தப் பதினைந்து நாளும் பிள்ளை மைதானத்துக்குப் பக்கத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள், இவ்வளவுதான் விஷயம். அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று நாங்கள் கொடுத்த குறிப்பிலிருந்து நீ எப்படி ஒரு சாவை எடுத்தாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவள் நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்தப் புத்தகம் எத்தனை பேருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று போக வேண்டும். போகிற வரை இமெல்டா மைதானத்துக்கும் வரமாட்டாள், படிப்பு அறைக்கும் வரமாட்டாள். பந்தை விடு. அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு மாற்று கோல்காரியாக நிற்கப் போகிற பிள்ளை பந்து வரும்போது இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறாள், தோற்போம், தோற்றுவிட்டுப் போகிறோம். ஆனால் நவம்பரில் இமெல்டாவுக்குப் பள்ளியிறுதித் தேர்வு. அவள் பள்ளியில் இயற்பியலுக்கு ஆள் இல்லை, நம் அறையில் ஞாயிறு தவறாமல் வருகிற அந்த ஒரு வாத்தியார்தான் அவளுக்கு. இன்று காலை அவர் வந்தார், கேட்டார், போனார். எட்டு ஞாயிறுகூட மிச்சமில்லை. அவள் செவிலியர் படிப்புக்குப் போவதா, அம்மாவோடு மூட்டைமேல் தூங்கப் போவதா என்பது இதில் இருக்கிறது. கொலெட்டாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்.

நீ போனில் என்ன சொன்னாய்? சின்னத் தவறு அம்மா, அடுத்த வருஷப் புத்தகத்தில் எடுத்துவிடுகிறேன், இப்போது எழுதினால் கொடுக்கிறவர்கள் நம்பிக்கை போய்விடும் என்றாய். முப்பத்தொரு வருஷம் வானொலியில் செய்தி சேகரித்தவளிடம் இதைச் சொல்கிறாய். துந்துரு சாலைப் பாலம் இடிந்துவிட்டதாக ஒருமுறை காலை ஏழு மணிக்குச் சொல்லிவிட்டேன். மறுநாள் அதே ஏழு மணிக்கு, அதே குரலில், பாலம் நிற்கிறது, நான்தான் தவறாகச் சொன்னேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அந்தச் சாலை லாரிக்காரர்கள் என் செய்தியைக் கேட்டுவிட்டு வண்டி எடுக்க ஆரம்பித்தார்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் போடுவது திருத்தம் ஆகாது. அதே தாள், அதே அளவு எழுத்து, முழுப்பக்கம்.

இப்போது எனக்குக் கஷ்டமான பகுதி. வியாழக்கிழமை உன்னோடு சண்டை போட்டு முடித்ததும், என்னைக் கேட்காமல் அச்சடித்தாய் என்று உன் முகத்துக்கு நேரே நிரூபிக்க என் போனில் பழைய செய்திகளைத் தேடினேன். மார்ச் ஒன்பதாம் தேதி நீ முழுப் புத்தகத்தையும் அனுப்பியிருக்கிறாய். சரியா இருக்கா பாருங்கம்மா, குறிப்பா நாலாம் பக்கம் என்று எழுதியிருக்கிறாய். ஆறு நிமிஷம் கழித்து நான், ரொம்ப நல்லா இருக்கு என்று பதில் போட்டிருக்கிறேன். அன்று நான் சாம்பலால் மைதானத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆறு நிமிஷத்தில் இருபத்து நாலு பக்கம் யாராலும் படிக்க முடியாது. உன் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கொலெட்டா கடைக்குப் போய் அவளிடம் சொன்னேன், போனையும் காட்டினேன். அவள் போனை வாங்கிப் பார்த்தாள். அப்ப என்னைக் கொன்னது ரெண்டு பேரா, நல்ல வேளை, மூணு நாளோட எழுந்துட்டேன், ரெண்டு பேர்னா ஆறு நாள் உக்காந்திருக்கணும் என்றாள். ஒரு கைப்பிடி கருவாடும் கொடுத்தாள். ஆனால் நிபந்தனையிலிருந்து இறங்கவில்லை.

ஆகவே திருத்தத்தில் இரண்டு பெயர், எழுதியவள் தெக்லா, பார்க்காமல் சரி என்றவள் வலேரியா. அதற்குக் கீழே கொலெட்டா சொல்லி நான் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் அங்கே உள்ளவர்கள் பாஷையில் போடு. "நான் கொலெட்டா சோக்கோ. சாகவில்லை. சோங்கேயா பஸ் நிலையத்தில் ம்பிங்கா வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரே உசிபா விற்கிறேன். இமெல்டா என் மகள். அவளைப் படிக்க வைப்பது நான். அவளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுப்பது இவர்கள். இரண்டும் வேண்டும். எனக்காக வருத்தப்பட்டவர்களுக்கு நன்றி, அடுத்த முறை நேரில் வந்து மீன் வாங்கவும்." கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் மறுபடி பாயோடு வருவாளாம். யாராவது கொடுப்பதை நிறுத்தினால் நிறுத்தட்டும். பந்து இரண்டு குறையும், வாத்தியாருக்கு நான் சமைத்துப் போடுவேன்.

உன் தம்பி ஃபிதேலிஸின் சின்னதுக்கு ஞானஸ்நானம் அக்டோபர் கடைசி ஞாயிறு, வர முடியாதென்று தெரியும், பெயர் மட்டும் யோசித்து வை. காபியை மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் போகாதே. ஈரக் காலுறையோடு உட்காராதே, உன் அப்பாவின் முழங்கால் அப்படித்தான் போனது. நான் திட்டுகிறேன் என்று அழாதே, அழுதாலும் அழுதுவிட்டு உடனே வேலையைப் பார். நீ இந்தப் பிள்ளைகளுக்காக அங்கே எத்தனை கதவு தட்டுகிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உன் கால் வழுக்காத பாதையில் நடத்தட்டும்.

வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடு. அனுப்பியதை எனக்குக் காட்டு, இந்த முறை ஒவ்வொரு வரியும் படிப்பேன். அனுப்பிய அன்றே இமெல்டாவைத் தானே கூட்டிவந்து வாசலில் விடுவதாக கொலெட்டா சொல்லியிருக்கிறாள். இத்தோடு ஒரு படமும் வருகிறது, நேற்று கடையில் இமெல்டா எடுத்தது. அம்மாவைச் சிரிக்காதே என்று யாரும் சொல்லவில்லை, பல் முழுதும் தெரிகிறது. காலில் புதுச் செருப்பு, படத்துக்காகவே போட்டுக்கொண்டு வந்தாள். படத்தை அப்படியே போடு. காலை வெட்டிவிடாதே.

உன் அம்மா
வலேரியா கிக்கோட்டி