அப்பா செல்லுக்கு நான் சார்ஜ் போட்டது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நீ நல்லா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடணும். இங்க எல்லாரும் நலம்னு எழுதக் கை வரலை கண்ணு. உட்கார்ந்துகிட்டுப் படி. அப்பா போய்ச் சேர்ந்துட்டார், இன்னையோட பதினெட்டு நாள் ஆச்சு. அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் நடந்த மறுநாளே நெட்டையும் போனையும் நிறுத்திட்டாங்க, ஒரு வாரம் கழிச்சு அப்பா நெஞ்சு வலிக்குதுன்னார், ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை, பக்கத்து வீட்டு டிரைவர் தம்பி ஓடிப்போய் வண்டி கொண்டுவர்றதுக்குள்ள என் மடியிலயே முடிஞ்சு போச்சு. அந்த ஒரு வாரமும் தினம் உனக்கு வாட்ஸ்அப்புல பேசிப் பேசி அனுப்பினார், எல்லாம் போகாம செல்லுலயே நின்னுச்சு. இது போகாதேன்னு நான் சொன்னா, வாயை அடைச்சவங்க காதைத் திறந்துதான் வச்சிருக்காங்க, அவங்களாவது கேட்கட்டும்னு சிரிப்பார். அவர் போனப்புறம் அந்தக் குரலைக் கேட்கத்தான் தினம் சார்ஜ் போட்டேன். போன புதன்கிழமை செல்லைச் சார்ஜ்ல போட்டுட்டு நான் ஆஸ்பத்திரியில துணி துவைக்கப் போயிருந்தப்போ ரெண்டு மணி நேரம் நெட் விட்டாங்களாம், எல்லாம் தானா உனக்குப் போயிடுச்சு. வந்து பார்த்தா, ஏம்ப்பா இப்படி மூச்சு வாங்குது, டாக்டரைப் பாருங்கன்னு நீ பதில் போட்டிருக்கே. அப்போ அப்பா இல்லைடா. உனக்குச் சொல்றதுக்குள்ள மறுபடியும் நிறுத்திட்டாங்க, இன்னும் விடலை.

அதுல ஒண்ணுல, ஊர்வலத்துக்கான கூட்டமெல்லாம் மருந்துக்கடைக்காரர் மாடியிலதான் நடக்குதுன்னு அப்பா சொல்லியிருக்கார். வெள்ளிக்கிழமை அவரைப் பிடிச்சுட்டுப் போனாங்க, எங்க வச்சிருக்காங்கன்னே தெரியலை. என்கிட்டயும் வந்தாங்க. செத்தவர் எப்படிம்மா பேசுவார்னு ஆபீசர் கேட்டார், செல்லை எடுத்துக்கிட்டு உன் பேர், வேலை, எப்போ வருவேன்னு எல்லாம் எழுதிக்கிட்டார். நீ வராதே. அம்மா தனியா இருக்காளேன்னு கிளம்பினா ஏர்போர்ட்லயே பிடிச்சுடுவாங்க, உன்னையும் தொலைச்சுட்டு நான் யார் முகத்தைப் பார்க்கிறது.

இன்னொண்ணு. காட்டிக் கொடுத்தது டிரைவர் தம்பிதான்னு தெருவே பேசுது. மருந்துக்கடைக்காரர் மனைவி அவன் முகத்துலயே துப்பிட்டா. உங்கப்பாவுக்காகச் செருப்புகூடப் போடாம ஓடின பிள்ளை அவன். நான் பக்கத்துலதான் நின்னேன், வாயைத் திறக்கலை. அதிலிருந்து சோறு இறங்கலை எனக்கு. வெளியூர் போற நர்ஸம்மாகிட்ட இதைக் கொடுத்துட்டு நேரா மருந்துக்கடைக்காரர் மனைவிகிட்டப் போறேன், உன் புருஷன் மாட்டினது எங்க வீட்டுச் செல்லாலன்னு சொல்லிடுவேன். என் முகத்துலயும் துப்பட்டும்.

நோய் நொடி இல்லாம நீண்ட நாள் இரு. அப்பா நம்பருக்கு மட்டும் ஒண்ணும் அனுப்பாதே, பார்க்கிறது நான் இல்லை.

உன் அம்மா