கூழாங்கல் கழுவ வந்தவர்

1.2.2007, வியாழன்
ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை பெயர் அசோக்குமார். ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் அச்சு செய்கிற வேலை. எங்களைப் போலவே விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மாவுக்கோ வேறு கவலை. "ஹால்ல உக்கார முடியல, சாக்கடை நாத்தம். அந்தத் தொட்டிய என்னன்னு பாருங்க" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவார். அடியில் கிடக்கும் கூழாங்கல்லைத் தொட்டதே இல்லை. மீன் தின்றது, கழிந்தது எல்லாம் அதற்குள்தான். "கல்லு என்னடி பண்ணும்?" என்பார்.

3.2.2007
அப்பா இன்றும் கழுவவில்லை. "காலைல முடிச்சிடறேன்" என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

4.2.2007, ஞாயிறு
ஐயோ. எங்கே ஆரம்பிப்பது?

மாலையில் வருவதாகச் சொன்னவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாலையில் நேரம் சரியில்லையாம். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹால் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். கல் முழுவதும் அம்மாவின் அரிசி களையும் குண்டானில். மீன்கள் வாளியில். தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர். வீட்டுக்காரம்மா பாப்பம்மா வாசலில் நின்று அப்பாவிடம், "ஏமப்பா கந்தா, இல்லந்தா வாசன! வீடெல்லாம் நாறுது! டிரைனேஜ் ஒடைஞ்சிருச்சா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்துகிறார்.

மாப்பிள்ளையின் அம்மா ருக்மணி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் காபித் தட்டோடு வந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா துணி துவைக்கிற சோப்புத் தூளை அள்ளிக் கல்லின்மேல் கொட்டப் போனார்.

"சார்! சோப்பு போட்டுறாதீங்க! மீனெல்லாம் செத்துரும்!"

அசோக்குமார் எழுந்த வேகத்தில் என் தட்டு ஆடி ஒரு டம்ளர் கவிழ்ந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பேண்டைச் சுருட்டிவிட்டு அப்பாவின் எதிரில் குந்திவிட்டார். வெறும் தண்ணீரில் அலசுவதும், வடிப்பதும், திரும்ப அலசுவதும்தான்.

"டேய், பொண்ணப் பாருடா!" என்றார் ருக்மணி அம்மா.

"பாத்துட்டேம்மா." கண் கல்லில்தான்.

பட்டுச்சேலை, மல்லிகை, அம்மா இழுத்து இழுத்துப் பின்னிய சடை — எல்லாம் ஒரு குண்டான் கல்லுகிட்ட தோத்துப்போச்சு.

5.2.2007
அவர்கள் வீட்டில் சம்மதமாம். நான் முடியாதுன்னுட்டேன்.
"ஏன்டி ப்ரியா?" என்றாள் அம்மா.
"அவரு மீனையே கட்டிக்கட்டும்."
அப்பாவின் முகம் வாடிவிட்டது. தொட்டி மட்டும் பளபளவென்று இருக்கிறது.

4.3.2007, ஞாயிறு
அசோக்குமார் வந்தார்! என்னைப் பார்க்க அல்ல. தொட்டியைச் சுத்தம் பண்ண அப்பா கூப்பிட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் வீட்டுக்கு ஒருத்தர் எப்படி இவ்வளவு சாதாரணமாக வருவார்?

ஒரு பிளாஸ்டிக் டியூப் கொண்டுவந்தார். நுனியில் அறுத்த பாட்டிலின் கழுத்து. அதைக் கல்லுக்குள் சொருகி, மறுமுனையை வாயால் உறிஞ்சி வாளிக்குள் விட்டால், கல் எழும்பித் திரும்ப விழுகிறது, அழுக்கு மட்டும் வெளியே வருகிறது. கல்லை மொத்தமாக எடுக்கவே வேண்டாமாம்; மாதம் ஒரு தடவை, பாதி கல்லை இப்படிச் செய்தால் போதுமாம். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

1.4.2007, ஞாயிறு
இன்று டியூபை உறிஞ்சும்போது அழுக்குத் தண்ணீர் அவர் வாய்க்குள் போய்விட்டது. துப்பவும் இடமில்லாமல், விழுங்கவும் முடியாமல், கன்னம் உப்பி, கண் பிதுங்கி — அசல் எங்கள் ஆரஞ்சு மீன். எவ்வளவு அடக்கியும் சிரித்துவிட்டேன். கொப்பளித்துவிட்டு வந்து அவரும் சிரித்தார்.

அப்பா வாளியோடு வெளியே போனதும் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு ஏன் என்னைப் பாக்கவே இல்ல?"

டியூபைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க தட்டோட வந்தப்போ டம்ளரெல்லாம் ஆடிட்டிருந்துச்சு. எல்லாரும் உங்களையே முறைச்சுப் பாத்துட்டிருந்தாங்க. நானும் பாத்தா தட்டு விழுந்துரும்னு தோணுச்சு."

தட்டை ஆட்டிவிட்டதே நீங்கதானே என்று கேட்டிருக்கலாம்.

2.4.2007
நான் பாகங்களைச் சரிபார்க்கிற கம்பெனியில் இன்று கீறல் விழுந்தவற்றை ஒரு பெட்டி நிறைய ஓகே பண்ணிவிட்டேன். சூப்பர்வைசர், "ஞாபகம் எங்கம்மா இருக்கு?" என்றார்.

6.5.2007, ஞாயிறு
அப்பா ஒரு கல்யாணத்துக்காக பாரூர் போயிருக்கிறார். அசோக் வந்தார். புதுச் சட்டை. கல் கழுவ யாராவது புதுச் சட்டை போடுவார்களா?

"ஐயோ தம்பி, அவரு ஊர்ல இல்லியே! ஒரு போன் பண்ணிச் சொல்லக்கூடாதா இந்த மனுசன்? வீணா அலைஞ்சீங்களே" என்று அம்மா உருகிப்போனாள்.

அவர் என்னைப் பார்த்தார். நேராகத்தான் பார்த்தார். நான் வாளி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அப்பா ஊரில் இருக்க மாட்டார் என்று அவருக்கு நேற்றே தெரியும். போன் பண்ணிச் சொன்னதே நான்தான்.